மஞ்சள் துணியில் முடிந்த குழாய்

அக்காவின் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. உடுமலைப்பேட்டை ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி நீரை இறக்குவார்கள். கொஞ்ச நாள் மூச்சு வரும். மறுபடியும் கோத்துக்கொள்ளும். நுரையீரலில் கட்டி. அந்தக் கட்டியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் மாத்திரையிலேயே சுருங்கிவிடும், இல்லையென்றால் கீமோ ஊசி மருந்துதான் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி மருந்தைத் தாங்கும் உடம்பு அக்காவிடம் இல்லை. சதை எடுத்துப் பார்த்ததில் அந்தச் சோதனைக்குத் துண்டு போதவில்லை என்றார்கள். இன்னொரு முறை எடுக்க அவளால் படுக்கவே முடியாது.

அப்போது மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் தேங்காய்க் களத்தில், அதற்கும் முன் லாரியில். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எங்கேயும் நிலைத்ததில்லை. எங்கே சுற்றினாலும் கடைசியில் போய்ச் சோறு தின்பது அக்கா வீட்டில்தான். அதனால் அந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தேன்.

டாக்டர்தான் வழி சொன்னார். பீளமேட்டில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெளிச்சத்தை வைத்து மரபணுவைப் பார்க்கிறார்கள், அதற்கு நெஞ்சு நீர் கொஞ்சம் போதும். புதுமுறைதான். ஆனாலும் அதில் தெரிந்தால் துணிந்து மாத்திரை எழுதுகிறேன் என்றார்.

ஆய்வுக்கூடத்தில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். குழாயில் சிவப்பாக ஏதோ தண்ணீர் வைத்திருந்தாள்.

"இது தங்கமுங்கண்ணா."

"தங்கம் செவப்பாவா இருக்கும்?"

"கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்குனா இப்படித்தானுங்க தெரியும்."

அந்தப் பொடியைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டியிருக்கிறார்களாம். மாறிய மரபணுத் துணுக்கு நீரில் இருந்தால் வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். நீல வெளிச்சம் அடித்தால் ஒட்டிய இடம் மட்டும் மின்னும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அவளும் இவ்வளவு போதும் என்றாள்.

வீட்டில் சொன்னபோது மச்சான் சிரித்தார். அக்காவின் கணவர், ஊரில் சாமியைத் திட்டுகிற ஒரே ஆள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நோன்பி சாட்டினால்கூட அந்தப் பக்கம் போகமாட்டார்.

"உங்கக்கா கம்மலயும் கழட்டிக் குடுத்து உடு மாப்ள. பொடி பண்ணி அதையும் ஒட்டட்டும்."

"ஏனுங்க, இருக்கறது அது ஒண்ணுதானுங்க," என்றாள் அக்கா. சிரிக்கப் போய் இருமல் வந்து நெடுநேரம் நிற்கவில்லை.

அடுத்து நீர் இறக்கிய அன்று, நீர் பிடித்த குழாயை ஐஸுக்குள் வைத்து மூடிய தெர்மாகோல் பெட்டியை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் பெட்டியைத் திறந்து அப்படியே நின்றாள். குழாயைச் சுற்றி மஞ்சள் நனைத்த துணி. மேலே முடிச்சு, முடிச்சுக்குள் ஒரு காசு. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு முடிந்து வைப்பார்களே, அது. ஐஸ் உருகி, துணி ஊறி, மஞ்சள் தண்ணீர் மூடியின் இடுக்குவரை இறங்கியிருந்தது.

அவள் திட்டவில்லை. துடைத்துப் பார்க்கிறேன் என்று உள்ளே போனாள். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். சில்லு முழுவதும் மின்னியது, ஓரம் நடு எதுவும் பாக்கியில்லாமல்.

"நல்லதுங்களா?"

"மஞ்சளுங்கண்ணா. மஞ்சள் தானாவே மின்னும். அதுக்குள்ள உங்க அக்காவோடது எதுன்னு பிரிக்க முடியாதுங்க."

துணியைப் பிழிந்து நீல விளக்கில் காட்டினாள். பச்சையாக எரிந்தது. நான் அதுவரை அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்து அவ்வளவு கோபப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம்தான் கேட்டேன்.

"நானா? அடுப்படிக்கே போக முடியல கண்ணு, மஞ்ச எங்க போயி அரைக்கறது?"

மச்சான் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. நான் ஐஸ் வாங்கப் போனபோது நர்ஸிடமிருந்து குழாயை வாங்கியவரும், பிறகு அதை ஐஸுக்குள் புதைத்துப் பெட்டியை மூடிக் கொடுத்தவரும் அவர்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்காவுக்கும் புரிந்துவிட்டது.

"அவரத் திட்டாத," என்றாள் மெதுவாக.

மறுபடி நீர் கோக்கும்வரை காத்திருந்தோம். வேறு வழியில்லை. அவளுக்கு மூச்சு முட்டினால்தான் எங்களுக்குச் சோதனை. மூச்சு முட்டட்டும் என்று ஒரு வீடே காத்திருந்தது. இம்முறை மச்சான் குழாயின் பக்கமே வரவில்லை. ஆஸ்பத்திரித் தண்ணீர்க் குழாயடியில் நின்று, எதையும் தொடப்போவதில்லை என்றாலும், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

பீளமேட்டில் சில்லு இருட்டாக இருந்தது. அவள் இன்னொரு சில்லில் போட்டாள். அதுவும் இருட்டு. கருவியில் கோளாறில்லை என்று காட்ட, அந்த மாற்றம் இருக்கிற வேறொருவரின் மாதிரியைப் போட்டாள். அதில் மட்டும் வரிசையாகப் புள்ளிகள் எரிந்தன. டாக்டருக்குப் போன் செய்து சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

உடுமலை பஸ் ஸ்டாண்டில் மச்சான் நின்றிருந்தார்.

"மாப்ள, இந்தத் தடவ மஞ்ச ஏதும்..."

"இல்லீங்க மச்சான். துளிகூட இல்ல."

பெருமூச்சு விட்டார். தோள் இறங்கியது. "அப்ப நாளைக்கே மாத்திர எழுதச் சொல்லலாம்."

"மாத்திர கேக்காதுங்க. வெளிச்சமே வரல."

பழனி பஸ் பின்னால் வந்து ஆரன் அடித்தது. நான்தான் அவரை இழுத்து ஓரத்தில் நிறுத்தினேன்.

"மொதல்ல எரிஞ்சுதே," என்றார். "அதோட படம் அந்தப் புள்ளகிட்ட இருக்குமல்ல? அத டாக்டர்கிட்டக் காட்டுனா என்ன?"

"அது மஞ்சளுங்க மச்சான்."

"தெரியும். முடிஞ்சு வெச்சவனுக்குத் தெரியாதா." என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "காட்டுனா என்னங்கறேன்."

எங்கள் ஊருக்குப் போகும் டவுன் பஸ் காலியாகத்தான் நின்றது. நாங்கள் ஏறவில்லை. அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட, வீடு வரைக்கும் நடந்தே போனோம்.