மெஹராஜ் வாசித்த செய்தி

கம்பத்தில் எல்லா வீட்டு ஆன்டெனாவும் கொடைக்கானல் டி.வி. கோபுரத்தைப் பார்த்துத்தான் நிற்கும். தொண்ணூற்றெட்டில் அடித்த ஆடிக் காற்று மெஹராஜ் வீட்டு ஆன்டெனாவை மட்டும் மேற்கே, கேரளப் பக்கம் திருப்பிவிட்டது. தமிழ் போய், புள்ளி புள்ளியாக மலையாளச் செய்தி வந்தது. கணவர் முகைதீன் மாடியேறி எவ்வளவு திருகியும் ஆன்டெனாக் குழாய் அசையவில்லை.

"இதாச்சும் தெரியுதே, எறங்கி வாங்க" என்றாள் மெஹராஜ்.

அன்றுமுதல் அவளுக்குத் தினமும் செய்திதான். முதலில் படம் பார்த்தாள். போகப்போகப் பேச்சும் புரிந்தது.

மறுவருடம் அவர்களுடைய திராட்சைத் தோட்டத்துக்குக் கேரளத்திலிருந்து இரண்டு வியாபாரிகள் வந்தார்கள். கொடிகளைச் சுற்றிப் பார்த்த மூத்தவர், "இவர்க்கு ஒந்நும் அறியில்ல. பகுதி வில பறஞ்ஞா மதி" என்று கூட்டாளியிடம் சொன்னார். இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பாதி விலை சொன்னால் போதுமாம். மலையாளம் அறியாத முகைதீன் மரியாதையாகச் சிரித்தார்.

மெஹராஜ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, செய்தி வாசிக்கும் பெண்ணைப் போலவே நிமிர்ந்து நின்றாள்.

"நமஸ்காரம். பிரதான வார்த்தகள். முந்திரிங்ஙயுடெ வில குறயில்ல."

திராட்சை விலை குறையாது என்ற அந்த முக்கியச் செய்தியைக் கேட்டு இருவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. மறுபேச்சின்றி அவள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

ஜீப் கிளம்பியதும், "அவுககிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டார் முகைதீன்.

"நம்மள ஏமாத்தப் பாத்தாக. செய்தி வாசிச்சேன்."

அதன்பிறகு வந்தபோதெல்லாம், அந்த வியாபாரிகள் தங்களுக்குள் பேசவேண்டியதைத் தோட்டத்துக்கு வெளியிலேயே பேசி முடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள்.