ஒருமுறை உலர்ந்த மண்

உள்ளங்கையில் வைத்தபோது அது மண்ணாகவே தோன்றவில்லை. அத்தனை கனமற்ற கருமை. அக்கா கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துக் காட்டினார். உலர்ந்ததுபோல் கிடந்த கட்டி சட்டென்று வழுக்கி நீரைக் கசியவிட்டது. "பாத்தியே தம்பி, எவ்வளவு தண்ணியை ஒளிச்சு வச்சிருக்கிறாள் கள்ளி!" என்று அவர் சிரித்தது தொண்ணூறுகளின் நடுவில், வட கலிபோர்னியாவில் அணைந்துபோன எரிமலை ஒன்றின் சரிவில், கோடரி நுழையக்கூடாத காப்புக் காட்டுக்குள்.

அக்கா யாழ்ப்பாணத்தவர், மண்ணியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். சான் ரமோனில் கணினி வேலையிலிருந்த நான் அடுத்த வீட்டுக்காரன். கார் வைத்திருந்ததால் குழி தோண்டவும் உடன் சென்றவன். அந்தக் காட்டில் ஒரே ஒரு குழிக்குத்தான் அனுமதி. தோண்டியதை மூடிச் சருகையும் பரப்பிவிட்டு வரவேண்டும். அம்மண் எவ்வளவு மழைநீரைத் தாங்கிவைக்கிறது என்பதே ஆய்வின் கேள்வி. காப்பெல்லைக்கு வெளியே அதே மண்ணுள்ள சரிவுகளில் மரம் வெட்ட விடலாமா என்று முடிவுசெய்ய வேண்டியவர்கள் அவ்விடைக்காகக் காத்திருந்தனர். அக்காவும் காத்திருந்தார்: பட்டம் வந்தால் வேலை, வேலை வந்தால், போருக்கு நடுவே தனித்திருந்த தாயாரை அழைத்துக்கொள்ள வழி.

போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்நாள்களில் தாயாரைப் பற்றிச் செய்தி ஏதுமில்லை. அக்கா உறங்காமல் தொலைபேசியருகிலேயே கிடந்தார். தாயார் கொழும்பு சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்த அன்று, கண்ணீரும் களைப்புமாக ஆய்வகம் சென்றவர், தம் ஊர்ச் செம்மண்ணுக்குச் செய்து பழகியதையே செய்தார். கொண்டுவந்த மண் முழுவதையும் தட்டுகளில் பரப்பி, உலர்த்தும் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பெரும்பாலான மண்ணுக்கு அதுவே முதல் வேலை. எரிமலைச் சாம்பலில் பிறந்த மண்ணுக்கு அது ஆகாது. முற்றிலும் உலர்ந்தால் அதன் நுண்ணறைகள் இறுகிவிடும். பிறகு எவ்வளவு நனைத்தாலும் பழைய அளவுக்கு நீர் அதில் தங்காது. இதை எனக்குச் சொன்னவரே அவர்தாம். அவருடைய கைகளுக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் மாலை அவரை ஆய்வகத்திலிருந்து அழைத்துவரச் சென்றேன். தட்டில் கொரகொரப்பான காப்பித்தூள்போல் கிடந்ததில் நீர் ஊற்றிப் பிசைந்துகொண்டேயிருந்தார். நீர் விரலிடுக்குகளில் வழிந்து போயிற்று.

மீண்டும் தோண்ட அனுமதி கிடைக்கவில்லை. உதவித்தொகையோ அந்தப் பருவத்துடன் முடிவதாயிருந்தது.

"இந்த மண்ணுல வர்ற ரீடிங்கையே சப்மிட் பண்ணிடுங்கக்கா. காய வெச்சதுன்னு யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"உனக்கு மண்ணெண்டால் பூந்தொட்டிக்குள்ள கிடக்கிறதுதான். இந்த நம்பரைக் குடுத்தால் அந்தக் காடு தண்ணி பிடிக்காதெண்டு ஆகும். பிறகென்ன, வெட்டுங்கோ எண்டு நானே சொன்ன மாதிரித்தானே?"

பட்டம் பெறாமலே நியூஜெர்சிக்குப் போனார். அங்கே பிஸ்கட்டவே என்ற ஊரில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் தற்காலிக வேலை. வரவழைக்க வழி பிறக்குமுன், கொழும்பில் ஒரு வாடகை அறையில் தாயார் இறந்துபோனார். அச்சரிவுகளில் மரங்கள் இன்று நிற்கின்றனவா என்று நான் விசாரித்ததில்லை. நிற்கின்றன என்று அறிவதும் எனக்கு ஆறுதலாகாது.

துக்கம் விசாரிக்கத் தொலைபேசியில் அழைத்தேன். "அன்னைக்கு நீங்க அதைக் குடுத்திருந்தா..." என்று தொடங்கினேன்.



"அம்மா வந்திருப்பா, தம்பி," என்றார். "அது எனக்குத் தெரியாதெண்டு நினைக்காத."