கிணற்றை வெளியே விட்ட காவலரண்

பூபதியின் விரல்கள் எம்-சீல் பசையை உருட்டி, தட்டி, அரிசி அளவு மணல் மூட்டைகளாக்கிக்கொண்டிருந்தன. கட்டிலின் குறுக்கே போட்ட பலகையில் தெர்மாகோலில் அவர் செய்த கட்டடம் நின்றது. இரண்டு மாடி, இரும்புக் கேட், சுற்றிலும் மதில். முதுகில் புண் வராமலிருக்க அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது என் வேலை.

"இந்த மூலைய மட்டும் முடிச்சுக்கறனுங்க, சிஸ்டரம்மா" என்பார். அந்த மூலை முடியவே முடியாது.

புதுச்சத்திரத்துக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் டிரில்லராக வடக்கே பல ஊர்களுக்குப் போனவர். துளையிடும் கம்பி மேலே விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. படுத்தபடி பலகைப் போர் விளையாட்டுகளைப் போனில் பார்த்துப் பழகினார். இப்போது அவற்றை வெளியிடும் ஓர் இங்கிலாந்து நிறுவனத்துக்குக் களம் அமைத்துத் தருகிறார். இந்தக் களம் ஆப்கானிஸ்தானில் ஒரு காவலரண். உள்ளே கொஞ்சம் பிரிட்டிஷ் சிப்பாய்கள், வெளியே கிளர்ச்சியாளர்கள். உதவிப்படை வரும்வரை சிப்பாய்கள் தாக்குப்பிடிக்க வேண்டும். இரு பக்கமும் ஜெயிக்க வழியிருந்தால்தான் நிறுவனம் எடுத்துக்கொள்ளும். முந்தைய களத்தைத் திருப்பிவிட்டார்கள். இதுவும் சரிவராவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நான் சொல்லும் நாளுக்கு மறுநாள் காலை அனுப்பியாக வேண்டும்.

கிளர்ச்சியாளர்களை நடத்துவது அவர் மனைவி பிரவீனா. விசைத்தறியிலிருந்து வந்து, டீ டம்ளரோடு உட்கார்ந்து பகடை உருட்டுவாள். கட்டடத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். நேரே கிணற்றுக்குப் போவாள். நம் பக்கத்தில் வீடு ஓரிடம், கிணறு வயல்காட்டுக்குள் ஓரிடம். அந்தப் பழக்கத்தில் பூபதி கிணற்றை மதிலுக்கு வெளியே வைத்துவிட்டார். தண்ணீருக்கு வந்த சிப்பாய்களெல்லாம் செத்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் காவலரண் விழுந்தது.

"எப்பப் பாத்தாலும் கெணத்துக்கே போறியே, புள்ள! ஒருக்கா கேட்டுப் பக்கம் வந்து மோதிப் பாரு."

"கேட்டை வெச்சு நானென்ன பண்றதுங்க? நாவறண்டா தானா வெளிய வருவாங்க."

"கெணத்தத் தூக்கி உள்ள வெச்சுருங்க" என்றேன் நான்.

"தண்ணி நாம சொன்ன எடத்துலயா ஊறுது, சிஸ்டரம்மா? ஊத்துப் பாயிண்ட் அங்கதானுங்க."

அட்டைப் பலகையில் ஏது ஊற்று என்று கேட்க வந்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மதிலைக் கிணறு வரை நீட்டிப் பார்த்தார். இப்போது அத்தனை நீளத்தையும் காக்க ஆள் போதவில்லை. பிரவீனா பின்பக்கமாக ஏறி வந்துவிட்டாள். அவர் பகடையைச் சுவரில் எறிந்தார்.

"போ, தறிக்கே போ! உன்னோட ஆடறதுக்குச் செவுத்தோட ஆடலாம்."

"செவுரு ஜெயிச்சாலும் கோவிச்சுக்குவீங்க." அவள் குனிந்து பகடையைத் தேடி எடுத்தாள். "ஏனுங்க, அந்த ஊட்ட எனக்கே உட்டுருங்க. கெணத்து மேட்டுல ஒக்காருங்க. அப்புறம் தண்ணிய மடக்க நான் எங்க போவேன்?"

"மாசக் கணக்கா செஞ்சத உனக்குத் தூக்கிக் குடுக்கவா?"

"அப்பச் சாவுங்க."

அன்று அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. மாத்திரைக்காவது வயிற்றில் ஏதாவது போக வேண்டும் என்று கஞ்சியை நானே ஊட்டினேன். முறைத்துக்கொண்டே விழுங்கினார். பொம்மை வீட்டுக்காக ஒரு மனிதர் உடம்பைக் கெடுத்துக்கொள்வதைப் பார்க்க எனக்கும் எரிச்சல்தான்.

மறுநாள் காலை நான் போனபோது சிப்பாய்கள் எல்லோரும் கிணற்று மேட்டில் இருந்தார்கள். கேட் திறந்து கிடந்தது. மொட்டை மாடியில் பிரவீனாவின் ஆட்கள். முதல் ஆட்டத்தில் அங்கிருந்து சுட்டு அவளே ஜெயித்தாள். இரண்டாவதில், உதவிப்படை வரும்வரை மேட்டில் இரண்டு சிப்பாய்கள் மிஞ்சினார்கள். இரு பக்கமும் ஜெயிக்க வழி வந்துவிட்டது. ஜெயித்தும் பூபதி சிரிக்கவில்லை. 'கட்டடத்தைக் கைவிட்ட பிறகே ஆட்டம் தொடங்குகிறது' என்று போனில் விதியை மாற்றித் தட்டினார். பிரவீனா படமெடுத்துச் சேர்த்தாள். இருவருமாக நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.