யோர்ன் போய்விட்டார் என்று அந்த வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை

யோர்ன் செத்துப்போனார்.

எனக்கு அதைச் சொன்னது அவருடைய மகன் இல்லை. வீடு விற்கிற ஒரு வெப்சைட்.

வெள்ளிக்கிழமை லஞ்ச் பிரேக்கில் சும்மா போனை நோண்டிக்கொண்டிருந்தேன்... இங்கே டென்மார்க்கில், இக்காஸ்ட் ஊரில் ஒரு செங்கல் வீடு, பச்சைக் கதவு, விற்பனைக்கு. அது யோர்ன் வீடு. சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தேன்.

மகனுக்கு போன் போட்டேன். "ஓ, அப்பாவோ... அது போன மாசமே முடிஞ்சுது. குடும்பத்தோட மட்டும் அடக்கம் செய்தனாங்கள்" என்றான். கார் சர்வீஸ் முடிந்ததைச் சொல்கிற மாதிரி. இதில் வருகிற டேனிஷ்காரர் கதைத்தது எல்லாம் டேனிஷ்தான், நான் என் தமிழில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக... யோர்ன் என்னோடு கர்ட்டன் ஃபேக்டரியில் வேலை செய்தவர். நான் தையல் லைன், அவர் ஃபோர்க்லிஃப்ட். சேர்ச் பக்கம் போகமாட்டார். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பு இந்த நாட்டில் இருந்த தெய்வங்களைக் கும்பிடுகிறவர். அப்படிக் கொஞ்சப் பேர் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

யூல் வந்தால், அதாவது பகல் ஆகக் குறுகிப்போகிற அந்த நாட்களில், அவர் விருந்து வைப்பார். வீட்டில் விருந்து இல்லை. வீட்டுக்கு விருந்து.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மரக்கிண்ணத்தில் பால்கஞ்சி, நடுவில் ஒரு கட்டி பட்டர். முதல் பியர் வாசல்படிக்கு. பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு வசனம் வீட்டோடு கதைக்க வேண்டும்.

முதல்முறை நான் முழித்தேன். டேனிஷில் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றேன்.

"வீட்டுக்கு டேனிஷ் மட்டும்தான் விளங்கும் எண்டு ஆர் சொன்னது? உன்ர பாஷையில சொல்லு."

சுவரைப் பார்த்து, "இந்த வீட்டுக்குள்ள எனக்குக் குளிரேல்லை" என்றேன். பெரிதாக ஒன்றும் வரவில்லை. வெளியே அப்படி ஒரு குளிர்.

அன்று புறப்படும்போது வாசல்படியில் நின்றபடியே கேக் பெட்டியை நீட்டினார். எனக்குக் கை போகவில்லை. "படியில நிண்டு தரக் கூடாது. ஒண்டில் நான் உள்ள வாறன், இல்லாட்டி நீங்கள் வெளியில வாங்கோ" என்றேன்.

மனுஷன் வெறும் சொக்ஸோடு பனிக்குள் இறங்கி வந்து கேக்கைத் தந்தார்.

அடுத்த நாள் ஃபேக்டரி முழுக்க என் பேரைச் சொல்லி அதே கதையைத்தான் சொல்லித் திரிந்தார். "வனிதாவின்ர ஆக்களும் வாசல்படிக்கு மரியாதை குடுக்கிறவையாம்!" ஏதோ தொலைந்துபோன சொந்தக்காரரைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவருக்கு...

கடைசியாக ஓகூஸ் நகர ஹாஸ்பிட்டலில் பார்த்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் போயிட்டன் எண்டு வீட்டுக்கு ஆராவது சொல்லோணும். மகனிட்டக் கேட்டன். சிரிக்கிறான்."

நான் சொல்கிறேன் என்றேன். என் கையை விடவே இல்லை.

இப்போது அந்த விளம்பரத்துக்கு வருகிறேன். சுவரெல்லாம் வெள்ளைப் பெயின்ட். கஞ்சிக் கிண்ணம் இருந்த இடத்தில் பேட்டரி மெழுகுதிரி. மேலே கொட்டை எழுத்தில், "ஆன்மா உள்ள வீடு".

சீ.

இங்கே எந்தப் பழைய வீட்டை விற்றாலும் இந்த வசனத்தைத்தான் போடுவார்கள், தெரியும். ஆனாலும்... அந்த ஆன்மாவுக்குச் சோறு போட்ட மனிதர் செத்த ஈரம் காயவில்லை.

நம் ஆட்கள் மட்டும் என்னவாம்? வாட்ஸ்அப் குரூப்பில் செய்தியைப் போட்டேன். ஒரு அண்ணை உடனே, "பேய்க்குப் பியர் ஊத்தின ஆளுக்கு என்ன தங்கச்சி அஞ்சலி?" என்று எழுதுகிறார். புதுக் கார் எடுத்த அன்று நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்த அதே அண்ணை. பதில் எழுதக்கூட அருவருப்பாக இருந்தது.

நேற்று ஞாயிறு அந்த வீட்டில் 'ஓபன் ஹவுஸ்'. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். யூல் வந்தால் யோர்ன் விருந்து வைக்கிற அதே ஞாயிறு.

போனேன்.

வாசலில் சப்பாத்துக்கு மேல் போட நீலப் பிளாஸ்டிக் உறை தந்தார்கள். உள்ளே பெயின்ட் நாற்றம், அதை மறைக்க ஏதோ சென்ட். ஒரு பெண் சுவரைத் தட்டித் தட்டி, "இதை இடிக்கலாம்தானே?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். விருந்து நாளில் வீட்டுக்குக் கிடைத்த வார்த்தை அது.

மாடிப்படிக்குக் கீழே குனிந்தேன். சத்தமாகவே சொன்னேன்.

"யோர்ன் செத்துப்போனார். இனி வரமாட்டார். நீ வாசலைப் பாத்துக்கொண்டு இருக்காதை."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏஜென்ட் பல்லெல்லாம் தெரிய வந்து, "வீடு பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு உங்களைப் பிடிக்கேல்லை" என்றேன்.

மகனும் அங்கேதான் நின்றான். கிண்ணம் எங்கே என்று அவனிடம் கேட்டேன். பின்பக்கம் குப்பைக் கொன்டெய்னரில் இருந்து எடுத்து வந்தான். வாசல்படியில் நின்று நீட்டினான். நான் அதற்குள் வெளியே வந்து நின்றேன்.

"இறங்கி வந்து தா."

"மழை பெய்யுது" என்றான். கிண்ணத்தைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அப்பன் சொக்ஸோடு பனியில் இறங்கின அதே படி.

பையில் கொண்டுபோன பியரை அந்தப் படியில் ஊற்றினேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன்.

யோர்ன்... வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். என் பாஷையில்தான் சொன்னேன், அதற்கு விளங்கியிருக்கும்.

போயிட்டு வாங்கோ.