வாழை மரத்தடிக்குப் போன சளி

என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தபோது, பௌர்ணமிக் கூட்டத்தின் மேல் பழியைப் போட்டோம். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. அவர் ஆட்டோ ஓட்டுகிறார். அத்தனை புழுதியும் கற்பூரப் புகையும் தொண்டையில் இறங்காமல் எங்கே போகும்? அடுத்த பௌர்ணமியும் வந்து போயிற்று, இருமல் போகவில்லை. பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். எங்கள் கைக்குழந்தை அவர் மார்பின் மேல்தான் தூங்குவாள்.

பிடித்துத் தள்ளாத குறையாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். காசநோய்க் கிருமியின் மரபணு சளியில் இருக்கிறதா என்று மெஷினில் பார்ப்பார்களாம், நம்பகமான டெஸ்டாம். மூடி போட்ட டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் வரும் சளி வேண்டும் என்றார்கள். கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. அன்று கேசரி கிளறினேன். அவரும் தைரியமாகக் குழந்தையைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டார்.

இருமல் கேசரிக்கெல்லாம் மயங்கவில்லை. ஒருநாள் காலையில் அவர் பல் விளக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவே எழுந்துகொள்ளும்படி நாக்கை வழித்து, வாழை மரத்தடியில் காறிக் காறித் துப்புவார். பிறகுதான் குளியல், விபூதி எல்லாம். சட்டென்று சந்தேகம் வந்து, டப்பாவில் எப்போது துப்பினீர்கள் என்று கேட்டேன்.

"குளிச்சிட்டுத்தான். பல்லு கூட வெளக்காம, அந்தச் சளியப் போய் நாலு பேர் கையில குடுக்கறது அசிங்கமா இருக்காதா?"

சளியெல்லாம் வாழைக்குப் போய்விட்டது, டப்பாவுக்குப் போனது வெறும் எச்சில். மெஷின் என்ன செய்யும், கொடுத்ததைத்தானே பார்க்கும்? அந்தக் கேசரியை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டாம் முறை நான் எட்டி நின்று காவல் காத்தேன். பிரஷ்ஷைத் தொட விடவில்லை. வெட்டவெளியில் நின்று, மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமிக் கொடுத்தார். கிருமி இருந்தது. அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். அவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோ ஷெட்டுக்குப் போனார்.

குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து எடுத்தார்கள். அவள் கைகளை நான்தான் அழுத்திப் பிடித்திருந்தேன். கிருமி இல்லை என்று வந்தது. இதை நம்பலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"பெரியவங்களுக்கே சில சமயம் தப்பிடும். குழந்தைங்க சாம்பிள்ல கிருமி கம்மியாத்தான் இருக்கும், அதனால இல்லைன்னு வந்ததோட விட்ற முடியாதும்மா. எக்ஸ்ரே நல்லா இருக்கு. தடுப்பு மருந்து குடுப்போம், எடை ஏறுதானு பாத்துட்டே இருப்போம்."

வீட்டுக்கு வந்து கேசரி கிளறவில்லை.

மறுநாள் காலை பால் குடிக்கும்போது குழந்தை ஒரு தடவை இருமினாள். புரையேறியிருக்கும். வெளியே அவர் பல் விளக்கும் சத்தம் நின்றுவிட்டது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஜன்னல் வரை வந்து, உள்ளே வராமல் நின்றார். அவள் மறுபடியும் இருமுகிறாளா என்று இருவரும் காது கொடுத்துக் காத்திருந்தோம்.