பாம்புக் காதுக்காரர்

அலுவலகத்தில் அவருக்குப் 'பாம்புக் காது' என்று பெயர். அதைப் பாராட்டு என்று நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தார். கேலி என்பது மண்டையில் ஏறவில்லை. அடுத்தவர் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டு, அரசாங்கத்துக்குத் தட்டச்சு செய்து கொடுப்பது அவர் பிழைப்பு. வீட்டில் ஏதோ குமாஸ்தா என்று சொல்லி வைத்திருந்தார். மூன்றாவது மாடி, ஜன்னலில்லாத அறை, காதில் ஹெட்போன். இருமினால் 'இருமல்', அழுதால் 'அழுகை' என்று நிமிடக் கணக்கோடு எழுத வேண்டும். ஆள் யாரென்று பிடிபடாவிட்டால் 'அடையாளம் தெரியவில்லை'. பத்தொன்பது வருடத்தில் அந்த இரண்டு வார்த்தையை அவர் எழுதியதில்லை. ஊரார் வீட்டு ரகசியமெல்லாம் அத்துப்படி. சொந்த மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டது கிடையாது.

ஒரு திங்கட்கிழமை, ஒரு நிருபருக்கு வந்த அழைப்பு அவர் மேசைக்கு வந்தது. பேசியவள் ஒரு பெண். நோயாளிகளின் விவரங்கள் அவர்களுக்கே தெரியாமல் ஆஸ்பத்திரியிலிருந்து அரசாங்கத்துக்குப் போகின்றன, பட்டியல் தன்னிடம் இருக்கிறது என்றாள். தொடங்குமுன் இரண்டு முறை தொண்டையைச் செருமினாள். பாம்புக் காதுக்கு வியர்த்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பதிவறையில் வேலை பார்க்கும் அவர் மகள்தான் அது.

பெயரை எழுதினால் அவளுக்குச் சிறை. எழுதாவிட்டால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியப்போவதில்லை. 'அடையாளம் தெரியவில்லை' என்று அடித்தார். அத்தோடு எழுந்து போயிருந்தால் மனுஷன். அழித்தார், மறுபடி அடித்தார். அதற்குள் மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்ன சார், உங்களுக்கே பிடிபடலையா? பக்கத்து சீட்டுக்குத் தள்ளிடவா?"

பக்கத்து சீட்டுக்காரன் இளித்தான். அந்த இளிப்பை நம் சூரரால் தாங்க முடியவில்லை. மகளின் முழுப்பெயரை எழுதி, உறவு என்ற கட்டத்தில் 'என் மகள்' என்றும் போட்டார்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். "அப்பா" என்றாள். அவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

வாரக் கடைசியில் அவர் வீட்டுத் தொலைபேசிப் பேச்சே மேசைக்கு வந்தது. குரல்களெல்லாம் தெரிந்தவர் என்பதால் அவருக்கே ஒதுக்கியிருந்தார்கள். மனைவி தன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"காட்டிக்கொடுத்தவன் நாசமாப் போகட்டும் அண்ணா. நீ இவர்கிட்ட மட்டும் எதுவும் கேட்காதே. பொண்ணு மேல உசிரையே வெச்சிருக்கார். தாங்க மாட்டார்."

அதை அட்சரம் பிசகாமல் அடித்தார். கீழே 'அழுகை, நான்கு நிமிடம்' என்று சேர்த்தார். கணக்கில் தப்பு வரக் கூடாதென்று, முதலிலிருந்து இன்னொரு முறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.