கல்முனையில் இரண்டு மாத வேலையும் செலவில்லாத மாலைகளும்

சுற்றிப் பார்க்கப் போனவர்களின் குறிப்புகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. நான் கல்முனைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவன். மே மாதம், காப்புறுதி நிறுவனமொன்றின் கொழும்பு அலுவலகத்திலிருந்து கல்முனைக் கிளைக்கு இரண்டு மாதத் தற்காலிக இணைப்பு. பழைய கோப்புகளைக் கணினிக்கு மாற்றவேண்டும். என்னைத் தேர்ந்தெடுத்த மேலாளர் ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகியவர். எனக்கு வரவேண்டிய கதிரையில் இப்போது உட்கார்ந்திருப்பவரும் அவரே. தண்டனையாகத்தான் அனுப்பினார். இரண்டு மாதம் அவர் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்பதை அவர் யோசிக்கவில்லை போலும். நான் மறுபேச்சில்லாமல் பையைக் கட்டினேன்.

கொழும்பிலிருந்து இரவு எட்டரைக்குப் புறப்படும் குளிரூட்டிய பஸ்ஸில் அப்போது 2,800 ரூபாய். காலை ஐந்து மணிக்குக் கல்முனையில் இறக்கிவிட்டார்கள். முன் இருக்கைகளைக் கேட்டு வாங்குங்கள், பின்னால் உட்கார்ந்தால் முதுகு போய்விடும். பிரதான வீதிக்குப் பின்னால் ஒரு லொட்ஜில் மாத வாடகைக்கு அறை எடுத்தேன், 18,000 ரூபாய். நாள் கணக்கில் எடுத்தால் இரட்டிப்பாகும். மாதம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அலுவலகம், ஊர்ப் பேச்சில் கந்தோர், எட்டரை முதல் நாலரை வரை. வெள்ளிக்கிழமை நண்பகலோடு ஜும்ஆத் தொழுகைக்காக மூடினால் திறப்பதில்லை. ஊர்க் கடைகளும் அப்படித்தான். அன்றைக்குச் சாப்பாடு வாங்க வேண்டுமென்றால் பதினொன்றரைக்குள் வாங்கிவிடுங்கள். முதல் வெள்ளி இது தெரியாமல் பிஸ்கட்டோடு கிடந்தேன்.

மாலைகளில் என் பொழுதுபோக்குக் கடற்கரை. லொட்ஜிலிருந்து நடந்து பத்து நிமிடம். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று பகலெல்லாம் வாட்டியெடுத்தாலும் ஐந்து மணிக்கு மேல் மணலில் இருக்க முடிகிறது. கரைவலை இழுப்பார்கள். வேடிக்கை பார்க்கிற எவரும் கயிற்றில் கை வைக்கலாம், யாரும் தடுப்பதில்லை. வலை கரையேறியதும் இழுத்தவருக்கு மீனில் பங்கு உண்டு. ஒரே நிபந்தனை, பிடித்த கயிற்றை மடி கரைக்கு வரும்வரை விடக்கூடாது. மடி என்பது மீன் சேரும் வலையின் பை. பாதியில் போனவருக்கு எதுவும் இல்லை. எனக்குக் கிடைக்கிற கீரி மீனை லொட்ஜுக்குக் கீழேயுள்ள சாப்பாட்டுக் கடையில் கொடுப்பேன். பொரித்துத் தருவார்கள், சோற்றுக்கு மட்டும் காசு. ஞாயிறுகளில் பஸ் ஏறி ஒலுவில் துறைமுகம் வரை போய் வரலாம். போக வர முந்நூறு ரூபாய்கூட ஆகாது. படகுகள் வருவதைப் பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை.

முதல் மாதத்திலேயே எனக்கு நல்ல நித்திரை வரத் தொடங்கியது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு மடத்தனம் செய்தேன். வேலையை வேகமாக முடித்து, முடிந்துவிட்டதென்று கொழும்புக்குப் பெருமையாக அறிவித்தேன். திறமையைக் காட்டும் வியாதி இந்த வயதிலும் போகவில்லை. வெள்ளி காலை மேலாளரிடமிருந்து பதில் வந்தது: அப்படியானால் திங்கள் இங்கே வந்துவிடுங்கள், மாலையில் பேசுகிறேன்.

மீதமிருந்த மூன்று வாரம் பறிபோனது. கிளை முகாமையாளர் நௌஷாத், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சேர், ஒங்களுக்குப் போக விருப்பமா?” என்று கேட்டார். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை. “அனுப்பினால் போகத்தானே வேண்டும்” என்றேன்.

அன்று மாலையும் கயிற்றில் நின்றேன். கைபேசியைச் செருப்போடு மணலில் வைத்திருந்தேன். பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டி வந்த நௌஷாத் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடி இன்னும் தூரத்தில் இருக்கும்போது அவர் கூப்பிட்டார்.

“சேர், கொழும்பு எடுக்குது!”

கயிற்றை விட்டு ஓரடி வைத்தேன். வலையை நடத்துகிற மீராசா காக்கா (இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) என் தோளைப் பிடித்துக்கொண்டார். “எங்க போறீங்க? விட்டா பங்கில்ல, தெரியுந்தானே.”

“பெரிய எடத்துக் கோல் காக்கா, விடுங்க” என்று ஒருவன் சிரித்தான்.

“பெரிய எடமெண்டா மடி வரும்வரைக்கும் பொறுக்கும். ஒங்கட கொழும்பாரா வந்து இந்தக் கயித்த இழுக்கப் போறார்?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பிக் கயிற்றைப் பிடித்தேன். “நீங்களே கதையுங்க” என்றேன் நௌஷாத்திடம்.

அவர் கத்திக் கத்திப் பேசினார். “ஓம், நான் நௌஷாத். சேர் கயித்தில நிக்கார்... கயிறு! கரவலைக் கயிறு! இல்ல, இப்ப வர ஏலா, மடி வரல்ல... வேலை முடிஞ்சிதான். மறுகா ஆரு எங்கட ஆக்களுக்குப் படிச்சுக் குடுக்கிற? புது முறை ஒருத்தருக்கும் தெரியா. அவர இப்ப எடுத்தா நான் கந்தோரப் பூட்டணும்... ஓம்... ஓம்.”

கைபேசியைச் செருப்பின் மேல் வைத்தார். “இணைப்பு முடியும்வரைக்கும் நிக்கட்டாம்.”

“வேறு என்ன சொன்னார்?”

“வேற ஒண்டுமில்ல. அடுத்த கோல் வருதெண்டு வெச்சிட்டார்.”

மூன்று வாரமும் திரும்பக் கிடைத்தது. கூடவே ஒரு சின்ன எரிச்சல். என்னைப் பழிவாங்கவே அந்த மனிதர் காலையில் எழும்புகிறார் என்று ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்தேன். அவருக்கு என்னைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கக்கூட நேரமில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன், மன்னிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தபோது அவர் நினைவில் இல்லை.

தற்காலிக வேலைக்கு வெளியூர் போகிறவர்களுக்கு என் ஆலோசனை இவ்வளவுதான். அலுவலகத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் அறை எடுங்கள். காசு கேட்காத ஓர் இடத்தை முதல் வாரத்திலேயே கண்டுபிடியுங்கள். வேலையைச் சரியாகச் செய்யுங்கள், ஆனால் தந்த காலத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்காதீர்கள். நன்றி சொல்ல அங்கே யாரும் இல்லை.

நான் போயிருக்க வேண்டிய ஞாயிறு மாலை, பிரதான வீதிச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் வாசலில் பராட்டாவோடு உட்கார்ந்திருந்தேன். கொழும்பு பஸ் வந்து நின்றது. நடத்துநர் எட்டிப் பார்த்து, “கொழும்பா? ஒரு சீட் இரிக்கி” என்றார்.

“இல்லை” என்றேன். பஸ் போனது. இன்னொரு பிளேன்டீ சொன்னேன்.